நாள்க்கல் வைத்த மூலை

செப்டெம்பர் 7, ஞாயிறு

வீடு முடிந்துவிட்டது. நேற்றுக் கவுன்சிலின் முடிவுச் சான்றிதழும் வந்து சேர்ந்தது. மில்டன் கீன்ஸுக்கு வெளியே, பழைய கராஜ் ஒன்று நின்ற காணியில், நாலு அறை, சிவப்புக் கல், கறுப்பு ஓடு. முப்பது வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவன் கட்டிய வீடென்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். உண்மையில் நான் கட்டவும் இல்லை. கட்டியவன் கௌசிகன், என் மகன். சிவில் எஞ்சினியர். கிழமை நாளில் கொம்பனிக்குப் பாலம் கட்டுவான், சனி ஞாயிறில் எங்களுக்கு வீடு கட்டுவான். சுவர் எழும்பி முடிந்து, கூரை மரம் ஏற முன், இருபத்தெட்டு வயதில் போய்விட்டான். வேலையால் திரும்பி வரும் வழியில், மோட்டர்வேயில், மழைக்குள். மிச்சத்தை நான் ஆள் பிடித்து முடித்தேன்.

நானும் மலரும் இன்னும் காணியின் ஓரத்தில் நிற்கும் கரவன் வண்டியில்தான் இருக்கிறோம். அவனுடைய முதல் வருடத் திவசம், ஆட்டத்திவசம், கழியாமல் வீடு குடிபுகக் கூடாது என்று மலர் சொன்னாள். வருடம் திரும்ப முன் நல்ல காரியம் செய்வதில்லை, அது சரிதான். பக்கத்தில் நாலு அறை வீடு வெறுமையாய் நிற்க, நாங்கள் இரண்டு பேரும் முழங்கை இடிபட இதற்குள் நின்று தோசை சுடுகிறோம்.

பின்னேரம் மகள் நிரூபா கொவென்றியிலிருந்து போன் எடுத்தாள். வீட்டுக்கு வொரண்டி ஒன்று எடுக்கவேண்டுமாம். அத்திவாரமோ சுவரோ கூரையோ பத்து வருடத்துக்குள் பழுதுபட்டால் வொரண்டி தரும் கொம்பனி பொறுப்பு நிற்குமாம். கட்டத் தொடங்க முன்னமே எடுத்திருக்கவேண்டிய சாமான். பிந்தி வந்தாலும் சில கொம்பனிகள் கொடுக்குமாம்.

“அது இல்லாட்டிப் பத்து வருசத்துக்கு ஒருத்தரும் இந்த வீட்டை வாங்கமாட்டினம் அப்பா. பாங்க் கடன் குடுக்காது.”

“ஆர் விக்கிறது?” என்று கேட்டேன்.

உடனே பேரப்பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிக் கதைத்தாள்.

செப்டெம்பர் 12, வெள்ளி

யோசித்துப் பார்த்தேன். என் மகன் கட்டிய சுவருக்கு முன்பின் தெரியாத கொம்பனிக்காரன் சாட்சி சொல்லத் தேவையில்லை. அவ்வளவுதான்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

தண்ணீர்த் தாங்கியின் குழாயைத் துப்புரவாக்கினேன். பின் வேலிக்கு இரண்டு தூண் மாற்றினேன். குளிர் தொடங்குகிறது, கரவனின் காஸ் போத்தல் ஒரு கிழமையில் முடிந்துபோகிறது.

பின்னேரங்களில் ஒருதரம் வீட்டுக்குள் போய் ஹீற்றரைப் போட்டுவிட்டு, எல்லா அறை விளக்கையும் கொளுத்திப் பார்க்கிறேன். குழாய் உறைந்துவிடக் கூடாது என்பதற்காக. செப்டெம்பரில் உறையாதென்று மலர் சொல்லுகிறாள். முன்ஜாக்கிரதை நல்லதுதானே. பழைய கராஜ் நின்ற பக்கச் சுவரில், கீழிருந்து மூன்றாவது வரியில் சீமெந்து கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. கௌசி கல்லு வைக்கப் பழகின முதல் நாள் வரி அது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன்.

நான் உள்ளே நிற்கும்போது மலர் தேத்தண்ணி கொண்டு வருவாள். வாசற்படியில் வைத்துவிட்டுக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டுப் போய்விடுவாள். காலில் சேறு என்றபடியால் உள்ளே வருவதில்லைப் போலும். புதுத் தரை, அழுக்குப்படும் என்று நினைக்கிறாளாக்கும்.

ஒக்டோபர் 3, வெள்ளி

நான் கேளாமலே நிரூபா வொரண்டிக் கொம்பனிக்காரனை அனுப்பிவிட்டாள். வேல்ஸ்காரன், பெயர் கரத். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். அதனால் துரத்த மனம் வரவில்லை.

வீட்டைச் சுற்றி வந்தான். கூரைக்குள் ஏறினான். சுவரைத் தட்டினான். வேலை சுத்தம் என்றான். பிறகு கேட்டான், “கொன்றீட் போட முதல் அத்திவாரக் குழியை யார் பார்த்தது?”

இங்கேதான் எங்கள் வண்டவாளம் வெளியே வந்தது. கிடங்கு வெட்டினால், கவுன்சில்காரன் வந்து ஆழம் பார்த்த பிறகுதான் கொன்றீட் ஊற்றவேண்டும். அது சட்டம். அவன் காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அத்திவாரத்தின் முதல் கல்லாக நாள்க்கல் வைக்கக் கோயில் ஐயர் குறித்துத் தந்த நேரம் ஏழு மணிக்குப் பிறகு எட்டுக்குள். அதை விட்டால் அந்த மாதத்தில் வேறு நாள் இல்லை. கௌசி தலையில் கைவைத்தான். “அம்மா, ஒரு கல்லை வைச்சுப்போட்டுக் கொன்றீட்டைப் பிறகு ஊத்துவம்” என்றான். கல்லு வைத்த கையோடு ஊற்றாமல் விட்டால் அது என்ன நாள்க்கல் என்று மலர் பிடிவாதமாய் நின்றாள். அவனுக்கு அம்மாவோடு வாதாட ஒருநாளும் வராது. விடியவே லொறிக்குச் சொல்லி, ஈசான மூலையில் நவதானியமும் மஞ்சளும் போட்டுக் கல்லை வைத்து, மேலே கொன்றீட் கொட்டியாயிற்று. போதாக்குறைக்கு அவன் போட்ட கணக்கும் பிழை. இன்னொரு லொறி கூப்பிடவேண்டி வந்தது. “எஞ்சினியருக்குக் கணக்கு வராதோ?” என்று நான் பேசினேன். சிரித்துக்கொண்டு நின்றான்.

பத்து மணிக்குக் கவுன்சில்காரன் வந்து, கௌசி எடுத்துவைத்த படங்களைப் பார்த்து, முறைத்துக்கொண்டே கையெழுத்து வைத்தான். அந்தப் படங்களை நான் பார்த்ததில்லை. இப்போது பார்க்கவும் மாட்டேன்.

கரத் படத்தை ஏற்க முடியாது என்றான். தங்கள் கொம்பனி கண்ணால் பார்க்கவேண்டும். பக்கத்துக் காணியில் ஓக் மரம் நிற்கிறது, களிமண் தரை, மரம் தண்ணீரை உறிஞ்ச மண் சுருங்கும், அத்திவாரம் ஆழமில்லாவிட்டால் சுவர் வெடிப்பு விடும். ஆகவே அந்த மூலையில் ஓரிடத்தில் தோண்டி அத்திவாரத்தின் அடி வரைக்கும் காட்டவேண்டும். அவன் கை காட்டியது ஈசான மூலை.

“வேண்டாம், நன்றி” என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

ஒக்டோபர் 4, சனி

மலர் கேட்டாள், அவன் என்ன சொன்னவன் என்று. நாள்க்கல் வைத்த இடத்தைக் கிண்டச் சொல்கிறான் என்றேன். அவள் கோபப்படுவாள், அதோடு கதை முடியும் என்று நினைத்தேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், “கிண்டட்டும். நேரம் பார்த்து வைச்ச கல்லு. என்னத்தைக் காப்பாத்தினது?”

ஒக்டோபர் 18, சனி

நிரூபா வந்தாள். தாய் கடைக்குப் போன நேரம் பார்த்து மறுபடி வொரண்டிக் கதையை எடுத்தாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “உனக்கேன் இந்த வீட்டில இவ்வளவு அக்கறை? விக்கிறதெண்டு ஆர் சொன்னது உனக்கு?” என்று கேட்டேன்.

“அம்மாதான் கேக்கச் சொன்னவ அப்பா. விக்கவேணுமாம். உங்களிட்டக் கேக்கப் பயமாம்.”

மலர் பயப்படுகிறாளாம். நாற்பது வருடத்தில் மலர் என்னிடம் பயந்ததை நான் கண்டதில்லை. அவள் திட்டுக்கு நான்தான் பயந்து பஸ் டிப்போவில் ஓவர்டைம் செய்திருக்கிறேன்.

மலர் வந்ததும் கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவாள் என்று தெரியும்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

இன்றைக்குக் கதைக்கவில்லை.

ஒக்டோபர் 21, செவ்வாய்

கரவனுக்குள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு இருப்பது லேசான வேலை இல்லை. அவள் எழும்பினால் நான் மடங்கவேண்டும். உப்புப் போத்தல் கேட்காமலே என் பக்கம் வருகிறது. பால் முடிந்துவிட்டது, நானே போய் வாங்கி வந்தேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவைக்கும் நாள். கரவன் அடுப்பிலுள்ள மணிக்கூட்டை மாற்ற எனக்குத் தெரியாது. கௌசிதான் மாற்றுவான். மார்ச்சிலிருந்து அது பிழையாய்க் கிடந்தது, இன்றோடு தானே சரியாகிவிட்டது. மலரிடம் இதைச் சொன்னேன். எட்டு நாளுக்குப் பிறகு நான் சொன்ன முதல் கதை அது. அவள் அழுதுவிட்டாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

“எனக்கு அதுக்குள்ள போகேலாது. வாசல் வரைக்கும் வருவன், பிறகு கால் எழும்பாது. அந்தக் கல்லெல்லாம் அவன் தூக்கி வைச்சது. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்துக்கொண்டு நிண்டனான். குசினிச் சுவரில அவன்ர முதுகுதான் எனக்குத் தெரியுது. நீங்கள் போய் லைற் போட்டுட்டு நிக்கிறீங்கள், உங்களுக்கு அது ஆறுதல். எனக்கு அப்பிடி இல்லை. ஆட்டத்திவசம் முடிய, போவம் எண்டுவீங்கள். நான் என்ன செய்வன்?”

“நான் இங்க இருந்தால்தான் அவன் இருக்கிறமாதிரி” என்றேன். “வேற ஆரும் வந்து அவன் வைச்ச சுவரில ஆணி அடிக்கிறதோ? இது உறுதியோ எண்டு தட்டிப் பார்க்கிறதோ? என்னால தாங்கேலாது மலர்.”

ஒருவரும் வெல்லவில்லை. மத்தியானம் புட்டு அவித்தாள்.

நவம்பர் 2, ஞாயிறு

காற்றும் மழையும். மத்தியானத்துக்குப் பிறகு கரவனின் கூரைத் தகடு ஒன்று கிளம்பி, படுக்கைக்கு மேலே தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. இரண்டு வாளி வைத்தும் நிரம்பியது. “வா, அங்க போவம். இந்த மழை விடும் மட்டும்” என்று குடையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தேன். நான் உள்ளே போய்விட்டேன். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு காலைத் தூக்கினாள். உடம்பெல்லாம் நடுங்கியது. சேலைத் தலைப்பில் இருந்து தண்ணீர் வடிய, “மன்னியுங்கோ, மன்னியுங்கோ” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். சேறு என்று நானே எனக்குச் சொல்லிவைத்த கதைக்கு மேல் அதன் பிறகு நிற்க முடியவில்லை.

திரும்பிக் கூட்டி வந்தேன். நனைந்த மெத்தையைத் திருப்பிப் போட்டோம். என்னிடம் போய் மன்னிப்புக் கேட்கிறாள்.

நவம்பர் 3, திங்கள்

கரத்துக்குப் போன் எடுத்தேன். வந்து பார்க்கட்டும். வொரண்டி எடுப்பதா இல்லையா என்பது பிறகு.

நவம்பர் 13, வியாழன்

கிடங்கு வெட்ட ஆள் அனுப்புவதாகக் கரத் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். அந்த மூலையில் வேறொருவன் மண்வெட்டி வைக்க விட மனமில்லை. நேற்றும் முந்தாநாளும் நானே வெட்டினேன். களிமண் ஈரத்தில் பசை மாதிரி ஒட்டுகிறது. இடுப்பு அளவுக்கு மேல் முடியாமல், இன்று காலை மண் தோண்டும் சின்ன டிகர் ஒன்று வாடகைக்குப் பிடித்து, மண் சரியாமல் பக்கத்துக்குப் பலகை கொடுத்து மிச்சத்தை எடுத்தோம்.

கரத் ஏணி வைத்து இறங்கினான். நாடாவைப் பிடித்தான். இன்னும் தோண்டச் சொன்னான். மறுபடி இறங்கினான். மறுபடி தோண்டச் சொன்னான். அடி வரவில்லை. நான் கிடங்கின் விளிம்பில் குனிந்து நின்றேன், என்ன பிழையோ, என் பிள்ளையை என்ன சொல்லப்போகிறானோ என்று. மூன்றாம் முறை கீழே குந்தி இருந்து கையாலே மண்ணை வழித்துப் பார்த்தான். வரைபடத்தில் இருந்ததைவிட இரண்டடி கூடுதலாகப் போயிருக்கிறது. மரத்தின் வேரெல்லாம் வெட்டித் துப்புரவாக்கி, அதற்கும் கீழே கெட்டி மண் கண்ட இடத்தில்தான் கொன்றீட் இருக்கிறது.

“வேரைப் பார்த்துவிட்டு ஆழப்படுத்தியிருக்கிறார்” என்று கரத் கிடங்குக்குள் இருந்து சொன்னான். “யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மேலே இருப்பவர்களுக்குத் தெரியவும் வராது. அநேகம் பேர் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். யார் செய்தது இதை?”

“என் மகன்.”

“நல்ல வேலை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள் அவரிடம்.”

அவனுக்குத் தெரியாது. அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் “சொல்லுகிறேன்” என்றேன்.

இரண்டாவது லொறி ஏன் வந்ததென்று இப்போதுதான் எனக்கு விளங்கியது.

நவம்பர் 14, வெள்ளி

மலரிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“எனக்குத் தெரியும். கல்லு வைக்கிறதுக்கு முந்தின நாள் நீங்கள் பின்னேர வேலை. டிகர்காரன் போனாப்பிறகு வேர் கண்டவன். தனிய இறங்கி மண்வெட்டியால வெட்டினான். அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, செலவு கூடினதுக்குப் பேசுவார் எண்டான். நான் மேல நிண்டு வாளி இழுத்தனான். என்ர கண்ணுக்கு முன்னாலயே அப்பிடித்தான் இருக்கிறான். அந்தக் கிடங்குக்குள்ள நிண்டு என்னை அண்ணாந்து பார்த்துச் சிரிச்சபடி.”

“எஞ்சினியருக்குக் கணக்கு வராதோ எண்டு நான் கேட்டனான்” என்றேன்.

“ஓம். பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவன்.”

கிடங்கை நான் மூடினேன். மூட முதல் மலர் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள். நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன். அவனை எரித்தோம். மண் போடும் சடங்கு எங்களுக்கு வாய்க்கவில்லை.

நவம்பர் 19, புதன்

அவன் போன இங்கிலீசுத் திகதி இன்றைக்கு. திதி அடுத்த மாதம். இரண்டு தரம் அழவேண்டியிருக்கிறது.

டிசம்பர் 8, திங்கள்

ஆட்டத்திவசம்.

எங்கே வைப்பது என்று நான் கேட்கவே இல்லை. கோயில் மண்டபத்துக்குச் சொல்லி வைத்திருந்தேன். போன கிழமை மலர் அதை நிற்பாட்டச் சொல்லிவிட்டாள். “அவன் சாப்பிட வாறதெண்டால் மண்டபத்துக்கு வருவானே? இந்த வீட்டுக்குத்தானே வழி தெரியும்” என்றாள்.

விடிய எழும்பி முழுகினாள். ஈரத் தலையோடு பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போனாள். நானும் நிரூபாவும் பின்னாலே. நிலையடியில் நின்றாள். நான் கையைப் பிடிக்கவில்லை. “கௌசி, அம்மா வாறன்” என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

புது வீட்டில் முதலில் பால் காய்ச்சவேண்டும். பொங்கி வழிந்தால் எல்லாரும் சந்தோசப்படுவார்கள். எங்கள் புது அடுப்பில் முதல் காய்ந்த பால் அவனுடைய பாயாசத்துக்கு. பொங்கியது. நிரூபா அடுப்பைத் தணித்தாள்.

ஐயர் வந்தார். சொந்தக்காரர் இருபது பேர் வந்தார்கள். கத்தரிக்காய்க் குழம்பு, உழுந்து வடை, மோதகம், வாழைக்காய்ப் பொரியல். இலையின் ஓரத்தில் மலர் தக்காளிச் சோஸ் போத்தலையும் வைத்தாள். ஐயர் பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். வடைக்கும் அதுதான், சோற்றுக்கும் அதுதான் அவனுக்கு.

படைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம், அவன் வந்து சாப்பிட்டுப் போக நேரம் விட்டு. குளிருக்குள் எல்லாரும் கையைத் தேய்த்துக்கொண்டு அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே விளக்கு எரிந்தது. அந்த ஒரு நேரம் வீட்டுக்குள் ஆள் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாக இருந்தது.

டிசம்பர் 10, புதன்

அண்டா குண்டான் எல்லாம் கழுவிக் கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்தேன். மலர் கரவனில்தான் படுக்கிறாள். ஒருநாள் போனாள். அது அவளால் முடிந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

வொரண்டிக் கொம்பனியின் கடிதம் வந்திருந்தது. கரத்தின் அறிக்கையையும் வைத்திருந்தார்கள். அத்திவாரம் தேவைக்கு மேல் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி. அதைப் பத்துத் தரமாவது வாசித்திருப்பேன். பள்ளிக்கூட றிப்போட் கொண்டுவந்து நீட்டுகிறவன் மாதிரி மலருக்கும் வாசித்துக் காட்டினேன்.

மூன்று மாதமாக நான் இதை அவனுக்கு அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் வேலையை ஒரு கொம்பனிக்காரன் சந்தேகப்படுவதோ என்று. இப்போது அவன் செய்தது சரி என்று ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதிக் கையெழுத்து வைத்துத் தருகிறார்கள். நாங்கள் இங்கே இருந்தால் அந்தக் கடதாசி பெட்டிக்குள் கிடக்கும். வேறு யாரும் வந்து இருந்தால், அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு பயமில்லாமல் படுப்பார்கள். அவன் ஆழமாய் வெட்டியதும் படுக்கிறவர்களுக்காகத்தானே. எனக்கு இது சம்மதம் என்று எழுத ஆசை. சம்மதமில்லை. ஆனால் மலர் அந்த நிலையைப் பிடித்துக்கொண்டு நடுங்கியதை நான் பார்த்துவிட்டேன்.

“வொரண்டியை எடுப்பம்” என்றேன்.

மலர் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “விக்கிறதுக்கோ?”

“ஓம். குளிர் போகட்டும். பிள்ளையள் உள்ள ஆக்களாப் பார்த்துக் குடுப்பம்.”

அவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். கரவனில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருக்கத்தான் இடமும் இருக்கிறது. கடிதத்தை வாங்கி, இங்கிலீசு விளங்காவிட்டாலும் மேலிருந்து கீழ் பார்த்தாள்.

“எத்தினை வருசத்துக்கு இது?”

“பத்து.”

அவள் விரல் மடக்கினாள். நான் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப அவனுக்கு முப்பத்தொன்பது” என்றாள்.